வாளோடு எந்தக் களத்தில் இறங்குவது: ஃபார் ஹானர், மோர்ட்ஹாவ், சிவல்ரி 2

இடைக்கால ஐரோப்பிய வாள்சண்டையை ஆன்லைனில் ஆட ஆசைப்பட்டுக் கேம் தேடுகிறவர்களின் பட்டியல், கடைசியில் மூன்று பெயர்களுக்குள் வந்துவிடும். யூபிசாஃப்ட் மான்ட்ரியால் 2017 பிப்ரவரியில் வெளியிட்ட ஃபார் ஹானர். டிரைடெர்னியன் என்ற ஸ்லோவேனியச் சிறு குழு, கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டி 2019 ஏப்ரலில் கொண்டுவந்த மோர்ட்ஹாவ். டொரோன்டோவின் டார்ன் பேனர் ஸ்டுடியோஸ் 2021 ஜூனில் வெளியிட்ட சிவல்ரி 2. ட்ரெய்லரில் மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: இரும்புக் கவசம், சேறு, தீப்பற்றிய கோட்டை, ரத்தம். அதை நம்பி, எது தள்ளுபடியில் இருக்கிறதோ அதை வாங்கிப் போட்டுவிட்டுச் சில நாளிலேயே அன்இன்ஸ்டால் செய்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வாங்கிய கேமில் குறை இல்லை. அவர்கள் தேடிய சண்டை அதில் இல்லை, அவ்வளவுதான்.

எதைப் பார்த்து முடிவெடுப்பது என்று கேட்டால் நான் கிராஃபிக்ஸையோ ஆயுத எண்ணிக்கையையோ சொல்ல மாட்டேன். எதிராளி வாளை ஓங்குவதற்கும் அது உங்கள் மேல் இறங்குவதற்கும் நடுவே ஏறக்குறைய அரை செகண்ட் இருக்கிறது. அந்த அரை செகண்டில் அடி எங்கிருந்து வருகிறது என்பதை ஃபார் ஹானர் திரையிலேயே காட்டிவிடுகிறது. மோர்ட்ஹாவில் அதை நீங்களே எதிராளியின் உடம்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்; உங்களை ஏமாற்ற அவனுக்கும் வேண்டிய வழிகள் உண்டு. சிவல்ரி 2 உங்கள் இருவரையும் சுற்றி இன்னும் 62 பேரை இறக்கிவிடுகிறது. அதனால் ஒரு அடியைத் தவறவிட்டால் யாரும் உடைந்து போவதில்லை. மற்ற வித்தியாசங்களில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஃபார் ஹானர்

கேமரா உங்கள் வீரனுக்குப் பின்னால் நிற்கும். எதிரியை லாக் செய்தால், அதாவது பார்வையை அவன் மேல் பூட்டினால், மூன்று திசைகள் மட்டும் கணக்கு: மேலே, இடம், வலம். அடி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் சிவப்புக் குறி மின்னும். உங்கள் காவலை அந்தப் பக்கம் திருப்பினால் தடுத்தாயிற்று. அதே திசையில் சரியான நேரத்தில் ஹெவி என்ற பலமான அடியைக் கொடுத்தால் எதிராளி நிலைகுலைவான், பதிலடி உங்களுக்கு இலவசம். தடுத்துக்கொண்டே நிற்பவனைக் கார்டு பிரேக் என்ற காவலை உடைக்கும் பிடி போட்டுத் திறக்கலாம். அந்தக் கார்டு பிரேக்கையும் கணநேரத்தில் முறிக்கலாம்.

கேட்டால் எளிமையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வீரனுக்கும் தனித்தனி அடிவரிசை. வெளியான அன்று நைட், வைக்கிங், சாமுராய் என்று மூன்று அணிகளில் 12 பேர் இருந்தார்கள். 2018-இல் சீனப் போர்வீரர்களின் வூ லின் அணி சேர்ந்தது. இப்போது 30-ஐத் தாண்டிவிட்டது. வார்டன் என்ற நீள்வாள் வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் தோளால் இடிக்க வருகிறான். விலகினால் இடியிலிருந்து தப்பலாம். ஆனால் அவன் இடியைப் பாதியில் விட்டுவிட்டுக் கார்டு பிரேக் போட்டால், விலகியவன் மாட்டிக்கொள்வான். விலகாமல் நின்றால் இடி விழும். அவன் எதைச் செய்வான் என்று முந்தைய இரண்டு மூன்று மோதல்களிலிருந்து ஊகித்து நீங்கள் ஆட வேண்டும். டெக்கன், ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது பழகிய மண். கவசம் போட்ட ஃபைட்டிங் கேம் இது. இதை வரலாறாக நினைத்து வாங்கக் கூடாது. நைட்டும் சாமுராயும் ஒரே பாலத்தில் மோதும் உலகம் கற்பனை என்று கேமே ஒப்புக்கொள்கிறது. எனக்கு அதில் குறை இல்லை.

ஒற்றைக்கு ஒற்றையில்தான் இதன் அழகு முழுதாக வெளிப்படும். நான்கு பேருக்கு நான்கு பேர் மோதும் டொமினியனில் மூன்று இடங்களைப் பிடித்துப் புள்ளி சேர்க்க வேண்டும். 1,000 தொட்டதும் எதிரணி உடையும், அதன் பிறகு செத்தவர்கள் தாமாக எழ முடியாது. திட்டம் அருமை. ஆனால் ஒருவன் மேல் மூன்று பேர் பாய்வது அங்கே அன்றாடம் நடப்பது. பல அடி வாங்கியவனுக்கு ரிவெஞ்ச் என்ற ஆவேச நிலை கிடைக்கும் என்றாலும் அது போதாது. பால ஓரத்திலும் மலை விளிம்பிலும் நின்று ஆளைத் தள்ளிவிடும் வழக்கமும் உண்டு. நன்றாக ஆடிக்கொண்டிருந்த சண்டை ஒரே தள்ளில் முடிவது எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

பழைய விமர்சனங்களைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெளியானபோது இதில் தனி சர்வர் கிடையாது. ஆடுபவர்களின் இயந்திரங்களே ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. ஒருவர் இணைப்பு தடுமாறினால் எல்லோருக்கும் ஆட்டம் நின்றது. அடிப்பவனைவிடத் தடுத்து நிற்பவனுக்கே லாபம் என்ற சமநிலைக் கோளாறும் சேர்ந்து அந்த முதல் வருடம் பலரை விரட்டியது. 2018-இல் தனி சர்வர்கள் வந்தன, தாக்குபவனுக்கும் படிப்படியாகப் பலம் கூட்டினார்கள். 2025-இலும் புதிய சீசன்கள் வந்துகொண்டிருந்தன. மூன்றில் வயதில் மூத்த கேமைத்தான் அதன் நிறுவனம் அதிக காலம் கைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கதையோடு ஆடும் பகுதியும் இதில் உண்டு: மூன்று அத்தியாயம், 18 மிஷன். சுமாரான கதை, ஆனால் கன்ட்ரோல் பழக நல்ல இடம். தனியாக ஆடவும் இணையம் வேண்டும் என்பது எரிச்சல். பணத்திலும் கவனம் வேண்டும். விலை குறைந்த பதிப்பு எந்தெந்த வீரர்களைத் திறந்து தருகிறது என்று பார்த்தே வாங்குங்கள். மிச்சப் பேரைத் திறக்க ஸ்டீல் என்ற விளையாட்டுப் பணத்தை ஆடிச் சேர்க்க வேண்டும், அல்லது கையிலிருந்து செலவழிக்க வேண்டும்.

மோர்ட்ஹாவ்

மூன்றில் என் மனசு இருப்பது இங்கேதான். அதனாலேயே இதன் குறைகளை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதில் சிவப்புக் குறி இல்லை, லாக் இல்லை. மவுஸை எந்தக் கோணத்தில் நகர்த்துகிறீர்களோ அந்தக் கோணத்தில் வாள் வரும். வீச்சு தொடங்கிய பிறகும் உடம்பைத் திருப்பி வாளின் நுனியைச் சீக்கிரமாகவோ தாமதமாகவோ எதிராளி மேல் கொண்டுபோகலாம். தடுப்பதற்குப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, கேடயம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. சரியான நேரத்தில் ஒரு தட்டு. அது சிறிது நேரம்தான் நிற்கும். முந்திக்கொண்டால் தடுப்பு விழுந்த பிறகு அடி வந்து சேரும். பிந்தினால் சொல்லவே வேண்டாம்.

ஒரு மோதலை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். எதிராளி வலத் தோளுக்கு மேல் நீள்வாளை ஓங்குகிறான். நீங்கள் தடுக்கிறீர்கள். வாள் வரவில்லை, பாவலா. உங்கள் தடுப்பு வீணாகி இறங்கும் நேரத்தில் அவன் இரண்டாவது வீச்சைத் தொடங்கிவிட்டான். அடுத்த முறை பாவலாவை எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள். இந்த முறை அவன் வீச்சைக் குத்தாக மாற்றுகிறான். வீச்சுக்குக் காத்திருந்த கண்ணுக்குக் குத்து வேறு தாளத்தில் வரும். மூன்றாம் முறை அவன் உண்மையாகவே வீசுகிறான், ஆனால் இடுப்பைத் திருப்பி வாளை இழுத்துத் தாமதப்படுத்துகிறான். உங்கள் தடுப்பு முடிந்த பிறகு நுனி கழுத்தில் படுகிறது. பழகியவனாக இருந்தால் அதே கோணத்தில் அதே நொடியில் நீங்களும் வீசி, அவன் வாளின் மேலேயே உங்கள் வாளை ஏற்றியிருக்கலாம். சேம்பர் என்பார்கள். அது முதன்முதலாகக் கைகூடும் நாளில் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவீர்கள்.

திரையில் அம்புக்குறியைப் பார்த்துத் தடுப்பதும், எதிராளியின் தோளையும் காலையும் பார்த்துத் தடுப்பதும் ஒன்றில்லை. இரண்டாவதில் ஆளைப் படிக்கக் கற்றுக்கொள்கிறீர்கள். ஒரே ஆளோடு தொடர்ந்து ஆடும்போது அவன் பதற்றப்பட்டால் எந்தப் பக்கம் வீசுவான், களைத்தால் பாவலாவை விட்டுவிடுவானா என்பதெல்லாம் பிடிபடும்.

ஆயுதமும் கவசமும் இங்கே யோசித்துச் செய்யப்பட்டிருக்கின்றன. 16 புள்ளிகள் கையில். அதற்குள் தலை, மார்பு, கால் கவசமும் ஆயுதமும் தனித் திறன்களும் வாங்கிக்கொள்ள வேண்டும். முழுக் கவசம் போட்டவன் மெதுவாக நகர்வான், அவனுக்கு ஆயுதம் வாங்கப் புள்ளி அதிகம் மிஞ்சாது. கனமான கவசத்தை வாள் வெட்டு அவ்வளவாகத் தொடாது. கதாயுதமும் போர்ச் சுத்தியலும் தொடும். ஒரு பட்டனைத் தட்டினால் சில வாள்களை அலகைப் பிடித்துத் திருப்பி, கைப்பிடிப் பக்கத்தால் சம்மட்டிபோல் அடிக்கலாம். வெறும் கற்பனை என்று தோன்றும். ஆனால் 15-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மண்ணில் வாழ்ந்த வாள் ஆசான் ஹான்ஸ் டால்ஹோஃபரின் சித்திரச் சுவடிகளில் அதே பிடியில் இரண்டு பேர் மோதிக்கொள்வதைப் பார்க்கலாம். இரும்புத் தகட்டை அலகால் வெட்ட முடியாது என்பதால் வாளையே சுத்தியலாக்கினார்கள். நிஜ நீள்வாள் பெரும்பாலும் ஒன்றரை கிலோவைச் சுற்றியே எடை இருந்தது என்பதும், நன்றாகப் பொருந்திய கவசத்தோடு ஓட முடிந்தது என்பதும் தெரிந்தவர்களுக்கு இந்தக் கேமின் வேகம் உறுத்தாது. கையால் சுழற்றவே முடியாத ராட்சசக் கோடரிகளை ஃபார் ஹானரில் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வித்தியாசம் தெரியும்.

இனி குறைகள். புதியவரை இது இரக்கமில்லாமல் அடிக்கும். வருடக்கணக்காக ஆடுகிறவர்கள்தான் இப்போது சர்வரில் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்கள் வாளை இழுக்கும் விதத்தைப் பார்த்தால் உடம்பு முறுக்கிய பொம்மைபோல இருக்கும். சண்டையின் அழகையே அது கெடுக்கிறது என்று சொல்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. இயற்கையாகத் தெரியும் வீச்சைவிட இயற்கைக்கு மாறாக முறுக்கிய வீச்சுக்கே வெற்றி அதிகம். முழுச் சுதந்திரம் கொடுத்ததற்கு இந்தக் கேம் கொடுக்கும் விலை அது. பொதுச் சாட்டில் வாய் மோசமாக இருக்கும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறவர்கள் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவது நல்லது. 2023 ஜூலையில் கன்சோல்களுக்கும் வந்தது, எல்லோரும் சேர்ந்து ஆடவும் முடியும். ஆனாலும் கன்ட்ரோலரில் ஆட நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கோணம்தான் இங்கே எல்லாம். கோணத்துக்கு மவுஸ் வேண்டும்.

ஆடுபவர்களே சர்வர் நடத்தலாம், மாற்றங்கள் செய்து சேர்க்கலாம். அதனால் டூயல் என்ற ஒற்றைக்கு ஒற்றைச் சண்டை மட்டும் நடக்கும் சர்வர்கள் உண்டு. அங்கே சண்டைக்கு முன் வாளைத் தூக்கிச் சம்மதம் கேட்பார்கள், நடுவில் வேறு யாரும் கைவைக்க மாட்டார்கள். ஓரத்தில் லூட் என்ற நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டு சும்மா நிற்பவனும் இருப்பான், அவனை யாரும் தொடுவதில்லை. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது.

சிவல்ரி 2

2012-இல் வந்த சிவல்ரி: மெடீவல் வார்ஃபேருக்கு அடுத்தது இது. மேலே சொன்ன இழுப்பு வீச்சின் கதை அந்தப் பழைய கேமிலேயே தொடங்கியது; அதில் பாடம் கற்ற டார்ன் பேனர், இரண்டாவதில் சண்டையைக் கூட்டத்துக்கு ஏற்றதாக மாற்றி அமைத்தது. தடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கலாம், தெம்பு மட்டும் கரையும். முன்னால் வரும் எந்த அடியையும் அது ஏற்கும். இரண்டு பேர் சூழ்ந்தாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம். இது சின்ன மாற்றம்போலத் தெரியும். ஆனால் புதியவர் முதல் நாளே இரண்டு மூன்று பேரை வீழ்த்தி மகிழ்வதற்குக் காரணம் இதுதான்.

அகத்தா நைட்டுகள் ஒரு பக்கம், மேசன் படை ஒரு பக்கம். 64 பேர் வரை. களம்தான் இதன் பெரும்பலம். ருட்ஹெல்ம் கோட்டை முற்றுகையில் முற்றுகைக் கோபுரங்களை மதிலை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும்போது மேலிருந்து அம்பு விழும், பக்கத்தில் நிற்பவன் விழுவான், ஒரு பட்டனை அழுத்தினால் நீங்கள் போர்க்கூச்சல் போடுவீர்கள், அதைக் கேட்டு நாலு பேர் கூச்சல் போடுவார்கள். எல்லோரும் ஒன்றாக ஓடுவார்கள். காக்ஸ்வெல் கிராமத்துக்கு மேசன்கள் தீ வைக்கும் ஆட்டத்தில், தீயையும் புகையையும் தாண்டி யார் நம்மவர் என்று பார்ப்பதே பாதி வேலை. கை ஒன்று வெட்டுப்பட்டாலும் மிச்சக் கையால் சண்டையைத் தொடரலாம். தரையில் கிடப்பதை எல்லாம் எடுத்து எறியலாம்: மீன், கோழி, நாற்காலி, யாரோ ஒருவருடைய தலை. முழு நாள் வேலை முடித்துவிட்டு வந்து அரை மணி நேரம் ஆட, மூன்றில் இதற்கு இணை இல்லை.

ஒற்றைக்கு ஒற்றை ஆடும் ஆழம் இதிலும் இருக்கிறது. எதிராளியின் அதே வகை அடியை அதே நேரத்தில் கொடுத்து முறிக்கும் கவுன்டர் உண்டு. ஆனால் கூட்டத்தில் அதற்கு இடம் அமைவதில்லை. அழகாக ஒருவனோடு மோதிக்கொண்டிருக்கும்போது உங்கள் அணிக்காரனே பின்னாலிருந்து சுழற்றி உங்கள் முதுகில் இறக்குவான். வில்லாளிகள் தூரத்தில் நின்று கணக்குத் தீர்ப்பார்கள். திறமை அளவில் ஆள் பிரித்துச் சேர்க்கும் ஏற்பாடு சரியில்லை. பழம்தின்று கொட்டை போட்டவனும் நேற்று வந்தவனும் ஒரே களத்தில்.

இதைவிடப் பெரிய குறை, 2023 நவம்பரில் வந்த ரெஜிசைட் அப்டேட்தான் கடைசிப் பெரிய அப்டேட் என்று டார்ன் பேனரே அறிவித்துவிட்டது. புதுக் களங்கள் வரும் என்று காத்திருக்க வேண்டாம். இருப்பது இருக்கும். இருப்பதே போதுமான அளவு இருக்கிறது என்பது என் கருத்து. பிசி, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாவற்றையும் முதல் நாளிலிருந்தே ஒரே களத்தில் சேர்த்ததால் ஆள் கிடைப்பது இன்னும் நிற்கவில்லை. கன்ட்ரோலரிலும் நன்றாக ஆடலாம்.

பிங்

நம்மூரில் உட்கார்ந்து ஆடுகிறவர்களுக்கு மேலே சொன்னது அத்தனையையும் புரட்டிப்போடக்கூடிய விஷயம் பிங், அதாவது உங்கள் இயந்திரத்திலிருந்து சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம். சர்வர் சிங்கப்பூரில் என்று வையுங்கள்: சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய 2,900 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். போய்த் திரும்ப 29 மில்லிசெகண்டுக்குக் குறைய இயற்கையே விடாது. கேபிள் வளைவும் நடுவில் உள்ள ரவுட்டர்களும் சேர்ந்து நடைமுறையில் இன்னும் கூடும். சர்வர் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் என்றால் 7,500 கி.மீ.க்கு மேல், அங்கே போய்வர 75-க்குக் குறையாது, கையில் கிடைப்பது 100-ஐ எளிதாகத் தாண்டும்.

ஃபார் ஹானரில் லைட் என்ற சாதாரண லேசான அடி வந்து சேர 500 மில்லிசெகண்ட். கண்ணால் பார்த்து விரலை அசைக்கவே மனிதருக்கு 200 முதல் 250 வரை போய்விடும். மிச்சத்தில் பிங்கும் டிவியின் தாமதமும் பங்கு கேட்கும். தொலைதூர சர்வரில் இதை ஆடினால் பார்த்துத் தடுப்பது போய், ஊகித்துத் தடுப்பதுதான் மிஞ்சும். மோர்ட்ஹாவில் அடி கொஞ்சம் மெதுவாக வரும் என்றாலும் தடுப்பின் கால அளவு குறுகல் என்பதால் அங்கும் வலிக்கும். அழுத்திப் பிடிக்கும் தடுப்பு இருப்பதால் சிவல்ரி 2 மூன்றிலும் பிங்கை அதிகம் மன்னிக்கும். வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்தால் பிங் சராசரி பெரிதாகக் குறையாது, ஆனால் திடீர் திடீரென்று எகிறுவது குறையும். வாள்சண்டைக்கு அந்த நிலைத்தன்மைதான் முக்கியம்.

யாருக்கு எது

நண்பர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்குகிறீர்கள், இந்த வகைக் கேம் புதிது, இரவில் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும் என்றால் தயங்காமல் சிவல்ரி 2. கன்சோல் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

ஃபைட்டிங் கேம்களில் ஊறியவர், ஒரு வீரனை எடுத்து அவனை மாதக்கணக்கில் செதுக்கும் பொறுமை உள்ளவர், பிங் நன்றாக இருக்கிறது என்றால் ஃபார் ஹானர். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் யோசியுங்கள்.

மோர்ட்ஹாவை, முதல் சில வாரங்கள் தோற்றுக்கொண்டே இருக்கத் தயாரானவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். அப்படித் தோற்று, தோற்றதற்குக் காரணம் தன் கண்தான் என்று புரிந்து, மறுபடி டூயல் சர்வரில் போய் நிற்பவருக்கு மற்ற இரண்டிலும் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு மற்றவை கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தன.

இணைப்பு சரியில்லாதவர்கள் மூன்றையுமே விட்டுவிடலாம். அவர்களுக்குத் தனியாள் கேம்கள் இருக்கின்றன. 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில் நடக்கும் கிங்டம் கம்: டெலிவரன்ஸ், வாளைப் பிடிக்கவே தெரியாத கொல்லன் மகனாக உங்களைத் தொடங்க வைக்கிறது. துருக்கியின் டேல்வேர்ல்ட்ஸ் செய்த மவுன்ட் அண்ட் பிளேடு 2: பேனர்லார்டு, குதிரையில் ஏறி நூற்றுக்கணக்கான வீரர்களோடு களத்தில் இறங்க வைக்கிறது. ஆளோடு ஆள் மோதும் சூடு அவற்றில் இருக்காது, ஆனால் பிங் கவலையும் இருக்காது.

ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரத்தை ட்யூட்டோரியலிலேயே கரைத்துவிடாதீர்கள். நீங்கள் வழக்கமாக ஆடப்போகும் நேரத்தில், இரவு ஒன்பதோ பத்தோ, நேராகப் பொதுக் களத்தில் நுழையுங்கள். ஆட்டம் கிடைக்க எவ்வளவு நேரமாகிறது, பிங் எவ்வளவு காட்டுகிறது, வீட்டில் மற்றவர்கள் வீடியோ பார்க்கும்போது அது எவ்வளவு எகிறுகிறது என்று பாருங்கள். 120-ஐத் தாண்டி ஆடிக்கொண்டே இருந்தால் ஃபார் ஹானரையும் மோர்ட்ஹாவையும் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.